கரைசல் செறிவுக் கணக்கு: பாட்டில் லேபிளிலிருந்து சரிபார்த்த நார்மாலிட்டி வரை

பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அம்பத்தூர், கிண்டி, மணலி பக்கம் லேபில் சேருகிறவர்களுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. பிளஸ் டூ பிராக்டிகலிலேயே நார்மாலிட்டி போட்டுப் பழகியவர்கள்தான். ஆனாலும் முதல் சில வாரங்களில் அவர்கள் தயாரிக்கும் கரைசல்கள் அடிக்கடி தப்பாக வருகின்றன. பெருக்கல், வகுத்தலில் தப்பு இருக்காது. கணக்கில் எழுதிய பொருளும் பாட்டிலில் இருக்கும் பொருளும் ஒன்றாக இருக்காது, அதுதான் விஷயம்.

பள்ளியில் கரைசல் தயாராகவே மேசைக்கு வந்துவிடும். நாம் டைட்ரேஷன் மட்டும் செய்வோம், அதாவது பியூரெட்டிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்போம். லேபில் அந்தக் கரைசலையே நாம்தான் தயாரிக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி பாட்டிலிலிருந்து தொடங்குகிறது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஒரு எண்ணைக் கொடுக்கிறது. நடுவில் ஒன்றை விட்டால் அந்த எண்ணை ஊகிக்க வேண்டிவரும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு இலக்கத் தராசு, 250 அல்லது 500 மில்லி ஸ்டாண்டர்டு பிளாஸ்க், பிப்பெட், பியூரெட், பீக்கர், கண்ணாடிக் கம்பி, புனல், டிஸ்டில்டு வாட்டர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கூடவே கால்குலேட்டரும் லேப் நோட்டும்.

பீக்கரிலும் கூம்புக் குடுவையிலும் போட்டிருக்கும் கோடுகள் தோராயமானவை. செறிவுக் கணக்கில் வரும் கனஅளவை ஸ்டாண்டர்டு பிளாஸ்க், பிப்பெட், பியூரெட் மூன்றிலும்தான் அளக்க வேண்டும். பிளாஸ்கின் மேல் 20 டிகிரி என்றோ 27 டிகிரி என்றோ அச்சிட்டிருக்கும். அந்த வெப்பநிலையில்தான் கோடு சரியான அளவைக் காட்டும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் வேலை செய்தால் இது கொஞ்சம் முக்கியம். 27 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் இரண்டரை மில்லி விரிகிறது.

2. எந்த அலகில் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

'ஒரு சதவீதக் கரைசல் போடு' என்று சீனியர் சொன்னால், உடனே எடை போட ஆரம்பிக்காதீர்கள். சதவீதம் மூன்று வகை. எடைக்கு எடை என்றால் 100 கிராம் கரைசலில் 1 கிராம். எடைக்குக் கனஅளவு என்றால் 100 மில்லி கரைசலில் 1 கிராம். கனஅளவுக்குக் கனஅளவு என்றால் 100 மில்லி கரைசலில் 1 மில்லி. நீர்த்த கரைசலில் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சின்னது. அடர் கரைசலில் அது பெரிதாகிவிடும், ஏனென்றால் 100 மில்லி அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தின் எடை 184 கிராம்.

மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல். நார்மாலிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை சமான எடை என்பது. மூலக்கூறு எடையை, ஒரு மூலக்கூறு வினையில் கொடுக்கும் அல்லது ஏற்கும் ஹைட்ரஜன் அயனி அல்லது எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தால் சமான எடை. மோலாலிட்டி ஒரு கிலோ கரைப்பானுக்குக் கணக்கு. உறைநிலைத் தாழ்வு மாதிரியான வேலைகளுக்கு வெளியே அன்றாட லேபில் அது அவ்வளவாக வராது.

நார்மாலிட்டியில் ஒரு எச்சரிக்கை உண்டு. சமான எடை எந்த வினைக்கு என்பதைப் பொறுத்து மாறும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு எடை 158.03. அமில ஊடகத்தில் அது 5 எலக்ட்ரான் ஏற்கும், எனவே சமான எடை 31.61. நடுநிலை ஊடகத்தில் 3 மட்டுமே ஏற்கும், எனவே 52.68. பாட்டில் ஒன்றுதான், நார்மாலிட்டி இரண்டு. அதனால் நார்மாலிட்டி என்று எழுதும்போது எந்த வினைக்கு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மோலாரிட்டியில் இந்தத் தொல்லை இல்லை. எனக்கு விருப்பம் அதுதான். ஆனால் நம் ஊர் லேப்களில் நார்மாலிட்டி இன்னும் அன்றாடப் பேச்சு, அதைத் தவிர்க்க முடியாது.

3. லேபிளை முழுதாகப் படியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். லேபிளில் பார்க்க வேண்டியவை மூலக்கூறு எடை, தூய்மை, படிக நீர். திரவமாக இருந்தால் அடர்த்தியும் சேரும்.

படிக நீர். ஆக்சாலிக் அமிலம் பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறுகளோடுதான் பாட்டிலில் வருகிறது. அதன் மூலக்கூறு எடை 126.07, நீர் இல்லாமல் 90.03. புத்தகத்தில் 90 என்று பார்த்துக் கணக்குப் போட்டு, பாட்டிலில் இருப்பதை எடை போட்டால், கரைசல் ஏறத்தாழ 29 சதவீதம் குறைவாக வரும். மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) அப்படித்தான்: ஐந்து நீரோடு 249.68, நீர் இல்லாமல் 159.61. சோடியம் தயோசல்ஃபேட் ஐந்து நீரோடு 248.18. நினைவிலிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், இந்தப் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தூய்மை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் வழக்கமாக 85 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் நீர். ஒரு லிட்டர் 0.5 நார்மல் கரைசலுக்குக் கணக்குப்படி 28.06 கிராம் வேண்டும். அதை 0.85 ஆல் வகுத்தால் 33.0 கிராம். எடை போட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. இங்கே புதியவர்கள் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: பொருள் தூய்மை குறைந்தால் அதிகம் எடுக்க வேண்டுமா, குறைவாகவா? விடை அதிகம் என்றால் எண்ணும் பெரிதாகத்தான் வர வேண்டும்.

பாரிமுனைப் பக்கக் கெமிக்கல் கடைகளில் ஒரே பெயரில் பல தரங்கள் கிடைக்கும். தொழிற்சாலைத் தரப் பொருளில் தூய்மை எண் லேபிளில் இல்லாமலேகூட வரும். கழுவுவதற்கும் துடைப்பதற்கும் அது போதும். செறிவு தெரிந்த கரைசல் தயாரிக்க அதை வாங்காதீர்கள்.

4. திடப்பொருள் என்றால்: எடைக் கணக்கு

தேவையான கிராம் = நார்மாலிட்டி × சமான எடை × மில்லி லிட்டர் ÷ 1000

250 மில்லி 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் கொடுக்கும் என்பதால் 126.07 ஐ 2 ஆல் வகுத்தால் சமான எடை 63.04. எனவே 0.1 × 63.04 × 250 ÷ 1000 = 1.576 கிராம்.

இப்போது தராசு. 1.5760 சரியாக வரவேண்டும் என்று ஸ்பேச்சுலா நுனியில் ஒவ்வொரு துகளாகப் போட்டு எடுத்து, பத்து நிமிஷம் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை. அதற்குப் பக்கத்தில் எங்காவது நிறுத்துங்கள், ஆனால் வந்த எண்ணை நான்கு இலக்கத்தோடு நோட்டில் எழுதுங்கள். 1.5824 கிராம் வந்தது என்றால், உண்மையான நார்மாலிட்டி 1.5824 ÷ (63.04 × 0.25) = 0.1004. உங்களிடம் இருப்பது 0.1 அல்ல, 0.1004. இனி எல்லாக் கணக்கிலும் இந்த எண்ணைத்தான் போட வேண்டும். துல்லியம் என்பது உருண்டையான எண்ணில் இல்லை, செறிவு எவ்வளவு என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இந்த வழி செல்லாது. சென்னைக் காற்றில் வில்லைகளை வாட்ச் கிளாசில் வைத்துச் சும்மா பாருங்கள். சற்று நேரத்தில் வெள்ளை வில்லையின் மேல் ஈரப் பளபளப்பு வரும், தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஈரத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் அது இழுத்துக்கொள்கிறது. எனவே எடையை வைத்து அதன் செறிவைச் சொல்ல முடியாது. 500 மில்லி 0.1 நார்மலுக்கு 2 கிராம் சுமாராக எடுத்துக் கரைத்துவிட்டு, செறிவைப் பின்னால் கண்டுபிடிக்க வேண்டும். அது 9 ஆம் படி. வில்லைகளை எடுத்ததும் பாட்டிலை உடனே மூடுங்கள்.

5. கரைத்து, ஆறவிட்டு, அப்புறம் கோடு வரை

ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து அதில் 40 கிராம் போடுவது ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஆகாது. மோலாரிட்டி ஒரு லிட்டர் கரைசலுக்குக் கணக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அல்ல. முதலில் குறைந்த தண்ணீரில் கரைத்து, பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும்.

எடை போட்டதைப் பீக்கரில் கொஞ்சம் தண்ணீரில் கரையுங்கள். புனல் வழியாக ஸ்டாண்டர்டு பிளாஸ்குக்கு மாற்றுங்கள். பீக்கர், கம்பி, புனல் எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை சிறிது தண்ணீரில் கழுவி, அந்தக் கழுவு நீரையும் பிளாஸ்கிலேயே ஊற்றுங்கள். பீக்கர் சுவரில் ஒட்டியிருக்கும் துளியும் நீங்கள் எடை போட்ட பொருள்தான்.

சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது கரைசல் சூடாகும். சூட்டோடு கோடு வரை நிரப்பினால், ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். எனவே அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருங்கள். கடைசி ஒரு மில்லியைச் சொட்டியால் ஊற்றி, கோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நீர்மட்டத்தின் கீழ் வளைவு கோட்டைத் தொட வேண்டும். பெர்மாங்கனேட் மாதிரி அடர்நிறக் கரைசலில் கீழ் வளைவு தெரியாது. அங்கே மேல் விளிம்பைப் பார்க்கலாம்.

கோட்டைத் தாண்டிவிட்டால் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்யாதீர்கள். எடுத்த நீரோடு கரைபொருளும் போய்விடும். கொட்டிவிட்டு மறுபடி தயாரிப்பதுதான் வழி. மட்டம் சரியானதும் மூடி போட்டு, பிளாஸ்கைப் பத்துப் பதினைந்து தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கழுத்துப் பகுதியில் சேர்த்த தண்ணீர் தானாகக் கீழே கலக்காது.

6. அடர் அமிலம் என்றால்: முதலில் பாட்டிலின் மோலாரிட்டி

அமிலத்தை எடை போடுவதில்லை, அளந்து ஊற்றுகிறோம். எனவே சதவீதத்தை மோலாரிட்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மோலாரிட்டி = அடர்த்தி × 1000 × சதவீதம் ÷ 100 ÷ மூலக்கூறு எடை

ஹைட்ரோகுளோரிக் அமில லேபிளில் 35 சதவீதம், அடர்த்தி 1.18 என்று இருக்கட்டும். ஒரு லிட்டரின் எடை 1180 கிராம். அதில் 35 சதவீதம், அதாவது 413 கிராம்தான் அமிலம். 36.46 ஆல் வகுத்தால் 11.33 மோலார். 37 சதவீதப் பாட்டிலாக இருந்தால் 12 ஐ ஒட்டி வரும். ஆகவே 'கான்சென்ட்ரேட்டட் என்றால் 12' என்று மனப்பாடமாகப் போடுவது எல்லாப் பாட்டிலுக்கும் பொருந்தாது.

500 மில்லி 0.5 மோலார் தயாரிக்க: 0.5 × 500 ÷ 11.33 = 22.1 மில்லி.

சல்ஃப்யூரிக் அமிலம் 98 சதவீதம், அடர்த்தி 1.84 என்றால் 18.4 மோலார், 36.8 நார்மல். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்பதால் நார்மாலிட்டி இரண்டு மடங்கு. கேட்டது நார்மலில், போட்டது மோலாரில் என்றால் கரைசல் சரியாக இரண்டு மடங்கு அடர்ந்து வரும். வந்த தப்பு சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதி என்றால், வேறெதையும் தேடும் முன் இதைப் பாருங்கள்.

ஊற்றும் வரிசையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலில் தண்ணீர், அப்புறம் அதில் அமிலம், மெதுவாக, கலக்கிக்கொண்டே. அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே தண்ணீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். ஃபியூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் அடைப்பு), கண்ணாடி அணிந்து செய்யுங்கள். வாயால் பிப்பெட் இழுக்கவே கூடாது, ரப்பர் பல்ப் பயன்படுத்துங்கள்.

7. இருக்கும் கரைசலை நீர்க்கச் செய்தல்

பழைய செறிவு × பழைய கனஅளவு = புதிய செறிவு × புதிய கனஅளவு

தண்ணீர் சேர்த்தாலும் கரைபொருளின் அளவு மாறாது என்பதுதான் இதன் பொருள். இரு பக்கமும் ஒரே அலகாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மில்லியும் மறுபக்கம் லிட்டரும் போட்டால் விடை ஆயிரம் மடங்கு தவறும். புதிய கனஅளவு என்பது மொத்த அளவு, சேர்க்கும் தண்ணீரின் அளவு அல்ல.

'ஒன்றுக்குப் பத்து' என்ற பேச்சு வழக்கை அப்படியே ஏற்காதீர்கள். ஒரு பங்கை மொத்தம் பத்துப் பங்காக்குவதா, ஒரு பங்கோடு பத்துப் பங்கு தண்ணீரா? முதலாவதில் செறிவு பத்தில் ஒன்று, இரண்டாவதில் பதினொன்றில் ஒன்று. 10 மில்லியை 100 மில்லி பிளாஸ்கில் கோடு வரை நிரப்பு என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஆல்கஹாலில் இன்னொன்று. 70 மில்லி எத்தனாலோடு 30 மில்லி தண்ணீர் சேர்த்தால் 100 மில்லி வராது, கொஞ்சம் குறையும். 70 மில்லி எடுத்து 100 வரை நிரப்ப வேண்டும்.

8. பிபிஎம்: எதனுடைய பிபிஎம்?

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீர் சார்ந்த நீர்த்த கரைசலில் 1 பிபிஎம் என்பதை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால் இது ஒத்துப்போகிறது. அடர் அமிலத்துக்கோ எண்ணெய்க்கோ ஒத்துவராது.

கேட்டது 1000 பிபிஎம் குளோரைடு என்றால், ஒரு லிட்டருக்கு 1 கிராம் உப்பு போடக்கூடாது. உப்பில் சோடியமும் இருக்கிறது. 58.44 ஐ 35.45 ஆல் வகுத்தால் 1.648; லிட்டருக்கு 1.648 கிராம் சோடியம் குளோரைடு வேண்டும். அதிலிருந்து 1 பிபிஎம் வேண்டுமென்றால் 10 மில்லியை 100 ஆக்குவதை மூன்று முறை தொடர்ந்து செய்யுங்கள். 1000 மில்லி பிளாஸ்கில் 1 மில்லியை ஒரே தாவலில் எடுத்தால், பிப்பெட்டில் வரும் சின்னப் பிழையும் சதவீதத்தில் பெரிதாகத் தெரியும்.

நைட்ரேட்டிலும் இதே கேள்வி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 நைட்ரேட் வரம்பை லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்கிறது. அது முழு நைட்ரேட் அயனிக்கு. சில கருவிகள் நைட்ரஜனாக மட்டும் எண்ணைக் காட்டும், அதை 4.43 ஆல் பெருக்கிய பிறகுதான் வரம்போடு ஒப்பிடலாம். பெருக்காமல் 11 என்று அறிக்கையில் எழுதினால், வரம்பைத் தாண்டிய கிணற்றை நல்ல கிணறு என்று சொன்னதாகிவிடும்.

கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகச் சொல்வது வழக்கம். போர் தண்ணீர் 50 மில்லி எடுத்து, கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியத்தோடு சேரும் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் 0.01 மோலார் கரைசலால் டைட்ரேட் செய்கிறோம், 21.4 மில்லி செலவாகிறது. 21.4 × 0.01 × 100.09 × 1000 ÷ 50 = லிட்டருக்கு 428 மில்லிகிராம். ஐஎஸ் 10500 இல் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் அனுமதிக்கும் அளவு 600. இது இரண்டுக்கும் நடுவில்.

வீட்டுக் கணக்கு ஒன்றும் சேர்த்துவிடுகிறேன், அடுக்குமாடிச் சங்கங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். 10,000 லிட்டர் சம்ப்பில் 2 பிபிஎம் குளோரின் வேண்டும். கையில் இருப்பது லிட்டருக்கு 50 கிராம் குளோரின் கிடைக்கும் ஹைப்போகுளோரைட், அதாவது 50,000 பிபிஎம். 2 × 10,000 ÷ 50,000 = 0.4 லிட்டர், 400 மில்லி. ஆனால் வெயில் படும் மொட்டை மாடியில் கேனை வைத்திருந்தால் லேபிளில் போட்ட செறிவு இருக்காது. சூட்டிலும் வெளிச்சத்திலும் அது சிதைந்துகொண்டே போகும். கலந்த பிறகு தண்ணீரில் எஞ்சிய குளோரினைச் சோதித்துப் பாருங்கள்.

9. தயாரித்ததைத் தரம் பாருங்கள்

ஆக்சாலிக் அமிலம், நீரற்ற சோடியம் கார்பனேட், பொட்டாசியம் டைகுரோமேட் போன்றவற்றின் செறிவை எடையிலிருந்தே சொல்லலாம். சோடியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெர்மாங்கனேட், தயோசல்ஃபேட் இவற்றுக்கு எடையும் லேபிளும் தோராயம்தான். டைட்ரேஷன் முடியும் வரை அவற்றின் செறிவு உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செறிவு தெரிந்த கரைசலோடு டைட்ரேட் செய்து உண்மையான செறிவைக் கண்டுபிடிப்பதைத்தான் தரம் பார்ப்பது என்கிறோம்.

4 ஆம் படியில் செய்த 0.1004 நார்மல் ஆக்சாலிக் அமிலத்தில் 20 மில்லியைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்கு எடுங்கள். நிறம் மாறி முடிவைக் காட்ட இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. நிரப்பும் முன் பியூரெட்டை அதே கரைசலால் ஒருமுறை அலசுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிய தண்ணீர் அதை நீர்த்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் டிஸ்டில்டு வாட்டரால் அலசினால் போதும். அதைக் கரைசலால் அலசினால் அளந்த 20 மில்லிக்கு மேல் அமிலம் சேர்ந்துவிடும்.

முடிவுநிலை கண்ணுக்குப் பழக வேண்டிய விஷயம். துளி விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றிக் குலுக்கியதும் மறையும். மறைய எடுக்கும் நேரம் கூடக்கூட வேகத்தைக் குறையுங்கள். கடைசியில் ஒரு துளியில் குடுவை முழுக்க மிக மெல்லிய சிவப்பு பரவி அரை நிமிஷம் நிற்கும். அதுதான் முடிவு. ரோஜாப் பூ நிறம் வரை போனால் தாண்டிவிட்டீர்கள். குடுவைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் வைத்தால் நன்றாகத் தெரியும். அந்த மெல்லிய நிறம் கொஞ்ச நேரத்தில் தானாக மறையும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை அது. மறைந்துவிட்டதே என்று மறுபடி துளி சேர்க்காதீர்கள்.

செலவானது 20.6 மில்லி என்றால்: 20 × 0.1004 ÷ 20.6 = 0.0975 நார்மல். ஒரே அளவீட்டை நம்ப வேண்டாம். 0.1 மில்லிக்குள் ஒத்துப்போகும் இரண்டு அளவீடுகள் கிடைக்கும் வரை செய்யுங்கள். 20.6, 20.9, 20.3 என்று வந்தால் அவற்றைச் சராசரி எடுத்து மூடி மறைக்காதீர்கள். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா, கரைசல் நன்றாகக் கலந்ததா என்று பாருங்கள்.

நடுவில் வரும் எண்களைச் சுருக்காமல் கால்குலேட்டரிலேயே வைத்திருங்கள். இறுதி விடையை மட்டும் சுருக்குங்கள்.

10. பாட்டிலில் ஒட்ட வேண்டியது

பொருளின் பெயர், படிக நீர் விவரம், கண்டறிந்த செறிவு, அலகு, தயாரித்த தேதி, தரம் பார்த்த தேதி, உங்கள் இனிஷியல். '0.1 நார்மல்' என்று மட்டும் எழுதாமல் '0.0975 நார்மல்' என்று எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவர் லேபிளை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் வைக்காதீர்கள், மூடி இறுகி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. பெர்மாங்கனேட்டையும் தயோசல்ஃபேட்டையும் பழுப்புநிறப் பாட்டிலில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். இவை எல்லாவற்றின் செறிவும் நாளாக ஆக மாறும். சோடியம் ஹைட்ராக்சைடையும் தயோசல்ஃபேட்டையும் வாரம் ஒருமுறை, முக்கியமான சோதனை இருந்தால் அன்று காலையிலேயே, மறுபடி தரம் பார்த்துப் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.